மூன்றாவது பிரேக்

சிட்னியின் மெரிலேண்ட்ஸ் ஸ்டேசன் வாசலில் பூட்டிக் கிடக்கும் சைக்கிள்களின் பிரேக்கை அமுக்கிப் பார்க்காமல் சிவசோதி ரயில் ஏறுவதில்லை. ஆறு இருபது ரயிலுக்கு ஆறு மணிக்கே வந்துவிடுவார். சாப்பாட்டுப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வரிசையின் முதல் சைக்கிளில் தொடங்குவார். இரண்டு விரலால் லீவரை மெல்ல இழுப்பார். விட்டுவிட்டு, அது எவ்வளவு சுறுக்காகத் திரும்பிப் போகிறது என்று பார்ப்பார். பிறகு குனிந்து ரப்பர்க் கட்டையின் தேய்வை நகத்தால் தடவுவார். நல்லதென்றால் பேசாமல் அடுத்ததற்குப் போய்விடுவார். கூடாததென்றால், "உவர் ஒரு நாளைக்கு விழுவார்" என்று முகம் தெரியாத சொந்தக்காரருக்காக ஒரு நிமிடம் நின்று கவலைப்படுவார்.

ஒருமுறை சொந்தக்காரியே வந்துவிட்டாள். அலுவலக உடுப்பில், கையில் கோப்பியோடு, என்ன செய்கிறாய் என்று அதட்டினாள். சிவசோதி லீவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "பேக் பிரேக் நோ குட், மேடம். ஹில் கமிங், யூ கோயிங், பிரேக் நொட் கமிங்" என்றார். அவள் அவரையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரயிலுக்கு ஓடினாள். அடுத்த கிழமை அந்தச் சைக்கிளில் புதுக் கட்டை போட்டிருந்தது. அன்று தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

இந்தப் பழக்கம் அவருக்கு இந்த வருடம், இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு தை மாதத்தில்தான் தொற்றியது. அதற்கு முன், ஐம்பத்தாறு வயதுவரை, பிரேக் என்ற பொருளை அவர் மதித்தவரல்ல. யாழ்ப்பாணத்தில் மேடு என்று சொல்ல ஒரு மதகு கிடைத்தால் உண்டு. பிரேக் அறுந்த சைக்கிளில் பத்து வருடம் ஓடியவர். நிற்க வேண்டுமென்றால் செருப்புக் காலைத் தரையில் தேய்த்தால் போதும். "பெல்லும் பிரேக்கும் பொலிசுக்குக் காட்டப் பூட்டுறது" என்பதுதான் அவருடைய கொள்கையாக இருந்தது.

பரமட்டாவுக்கு அப்பால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவது அவர் வேலை. குட்டையான ஆள். முன்கைகள் மட்டும் அவருடைய உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பருத்திருக்கும். தலைமாட்டில் நின்று தள்ளுகிறவர் என்பதால், படுத்திருப்பவர்களுக்கு அவர் முகம் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். சத்திரசிகிச்சைக்குப் போகிற யாராவது இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "நியர் ஒன்லி, ஓல் குட்" என்பார். லிப்டுக்கு முன்னால் இன்னும் மூன்று தாழ்வாரம் கிடந்தாலும் அதே பதில்தான்.

தமிழில் அதற்கு "சரிவரும்" என்று பெயர். குழாய் ஒழுகினாலும் சரிவரும். மகள் மேனுகா பரீட்சையில் கோட்டை விட்டாலும் சரிவரும். பிழை அவருடையதாக இருந்தாலும் அதே சொல்தான். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக வீட்டில் எதையாவது திருத்துவார். ஒருமுறை மனைவி பவளத்தைக் கண் கிளினிக்கிலிருந்து கூட்டிவர மறந்ததில், அவள் இரண்டு மணி நேரம் வாசலில் நின்றாள். மறுநாள் குசினியில் இருந்த அத்தனை அலுமாரிக் கதவுகளின் பிணைச்சல்களும் புதிதாக மாறியிருந்தன. "என்னப்பா, நான் நிண்டது ஆஸ்பத்திரி வாசலில. கதவு இஞ்ச என்ன பாவம் செய்தது?" என்று பவளம் கேட்டாள். அவர் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பவளத்துக்குச் சர்க்கரை வியாதி முதலில் வலக் கண்ணை எடுத்தது, மறு வருடம் இடக் கண்ணை. இப்போது வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும் பிரியும். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை பார்த்தவள், ஐம்பதாவது வயதில் வீட்டோடு நின்றாள். வாய் மட்டும் பழையபடி. தையல் நாடாவில் ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் ஒரு நூல் முடிச்சுப் போட்டு, விரலால் தடவி அளந்து, இன்னும் தலையணை உறை தைக்கிறாள். பிடிவாதமும் பழையபடிதான். வெள்ளைத் தடியைப் பிடிக்க மாட்டேன் என்றாள். யாராவது முழங்கையைப் பிடித்து நடத்தினால், "நான் என்ன களவெடுத்துப் பிடிபட்டனானோ?" என்று உதறினாள்.

அந்த நேரத்தில்தான் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் நாகராஜன் தன் இரண்டு பேர் ஓட்டும் சைக்கிளை விற்கப் போவதாகச் சொன்னான். அவன் திருச்சிக்காரன். பாலம் கட்டும் நிறுவனமொன்றில் எஞ்சினியர். கோயில் திருவிழாவில் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டபோது இருவரும் பழக்கமானார்கள்.

"நானும் விஜயாவும் ஓட்டலாம்னுதான் வாங்கினேன் அண்ணே. ரெண்டாவது நாளே, 'எவ்வளவு தூரம்தான் உங்க முதுகையே பாத்துட்டு வர்றது'ன்னு எறங்கிட்டா."

பக்கத்தில் நின்ற பவளம் சிரித்தாள். "எனக்கு அந்தக் கரைச்சல் இல்லைத் தம்பி" என்றாள்.

சைக்கிள் அன்றே மெரிலேண்ட்சுக்கு வந்துவிட்டது. பழைய இரும்புச் சட்டம், கடும்பச்சை. முன்னால் இருப்பவர்தான் திருப்புவார், நிறுத்துவார். பின்னால் இருப்பவருக்கும் ஒரு கைப்பிடி உண்டு, ஆனால் அது திரும்பாது, வெறுமனே பிடித்துக்கொள்ள மட்டும். பவளத்தின் கொண்டை ஹெல்மெட்டுக்குள் அடங்கவில்லை. அதை அவிழ்த்துப் பின்னிவிட்டபோது, பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல் தரமாகத் தன் பின்னல் முதுகில் அடிக்கிறது என்றாள்.

பழைய நீர் வாய்க்காலின் கரையோடு போகும் சைக்கிள் பாதையில் கிழமைக்கு மூன்று நாள் போனார்கள். அது நூல் பிடித்தது போல ஏற்ற இறக்கமில்லாத மட்டமான பாதை. பவளம் மூக்கால் ஊரைப் படித்தாள். "இது லெபனீஸ் கடை, கோழி சுடுறாங்கள்." "இஞ்ச ஆரோ புல்லு வெட்டியிருக்கினம்." வீட்டுக்குள் சுவரைத் தடவி நடந்தவள், காற்று காதில் இரைய வேகமாக எங்கோ போய்க்கொண்டிருந்தாள். இறங்கி வந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு அவள் குரல் சற்று உயர்ந்தே இருக்கும். அந்தக் குரலுக்காக சிவசோதி வேலை முடிந்து ஓடிவருவார்.

மட்டமான பாதையோடு நின்றிருக்கலாம். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கே பெரிய நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறதாம், அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று பவளம் கேட்டாள். போனார்கள். திரும்பி வரும்போது ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும் இறக்கம். இருவரும் சைக்கிளுமாக நூற்றறுபது கிலோவுக்குக் குறையாது. யாழ்ப்பாணத்துக் கால்கள் அந்தப் பாரத்தை எப்படித் தரையில் தேய்த்து நிறுத்தும்? சிவசோதி இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தார். கட்டைகள் சக்கரத்தின் விளிம்பைக் கவ்வி, உரசி, கொதிக்கத் தொடங்கின.

"மெதுவாய்ப் போங்கோவன்" என்றாள் பவளம்.

"பிடிச்சுக்கொண்டுதான் போறன். சரிவரும்."

"என்னப்பா, என்னவோ எரியிற மணம்?"

"அது... ஆரோ குப்பை எரிக்கினம்."

இன்னும் ஐம்பது மீற்றர் போவதற்குள் பின் டயர் வெடித்தது. விளிம்பின் சூடு தாங்காமல் டயர் வெடிக்கும் சத்தம் எப்படியிருக்கும் என்று அவர்கள் இருவருக்கும் விளக்கத் தேவையில்லை. முன்பு வேறு பொருட்கள் வெடித்துக் கேட்டவர்கள். பவளம் வாய்விட்டு அலறவில்லை. குனிந்து, தலையை முழங்கைகளுக்குள் புதைத்தாள். அப்படிச் செய்யத்தான் பழகியிருந்தாள். சைக்கிள் ஆடி, அலைந்து, வீதியோரப் புல்லில் ஏறிச் சாய்ந்தது. அவளுக்கு முழங்கை சிராய்ந்தது, அவருக்கு முழங்கால். அவ்வளவுதான். ஆனால் புல்லில் உட்கார்ந்தபடி அவள் கையை நீட்டி, தடவி, பின் சக்கரத்தின் விளிம்பைத் தொட்டு, சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"தை மாதக் கோடையில சிட்னியில ஆர் குப்பை எரிக்கிறது?" என்றாள். "நெருப்பு மூட்டினால் மறியலில போடுவாங்கள்."

சிவசோதி எழும்பிச் சைக்கிளை நிமிர்த்தத் தொடங்கினார்.

வழக்கம்போலத் திருத்தினார். புது டயர், புது ரப்பர்க் கட்டை. அடுத்த சனிக்கிழமை சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, "வாருமப்பா, வாய்க்கால் வரைக்கும் ஒரு சுத்துப் போட்டு வருவம்" என்று கூப்பிட்டார். பவளம் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"கண் தெரியாதவளிட்ட குப்பை எரியுதெண்டு சொன்னால் அவள் நம்பத்தானே வேணும். வேற வழி?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெயில் ஏறிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

சைக்கிள் கராஜுக்குள் போயிற்று. அதோடு அவளுடைய நடமாட்டமும் போயிற்று. கிளினிக், கோயில், மற்றபடி பின்வளவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. வெயில் நகர நகரக் கதிரையையும் நகர்த்திக்கொண்டு இருப்பாள். குரல் பழைய உயரத்துக்கு இறங்கி, பிறகு அதற்கும் கீழே இறங்கியது. சமையலில் உப்பு ஏறியிருக்கிறது என்று மேனுகா சொன்னால்கூடத் திருப்பிப் பேசுவதில்லை. அதுதான் வீட்டில் எல்லோரையும் பயப்படுத்தியது.

பிழை பிரேக்கில்தான் என்று சிவசோதி முடிவெடுத்தார். அப்படி முடிவெடுப்பது அவருக்கு வசதியாகவும் இருந்தது. நல்ல பிரேக் பூட்டினால் பவளம் திரும்ப ஏறுவாள். ஸ்டேசன் வாசலில் லீவர் அமுக்கிப் பார்க்கத் தொடங்கியது இந்த நாட்களில்தான். மாலையில் மேனுகாவின் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ஆங்கில எழுத்துகளின் கீழ் விரலை ஓட்டி வாசிப்பார். விளிம்பைக் கவ்வும் பிரேக் இனி வேண்டாம். மிச்சம் இரண்டு. ஒன்று, மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் சக்கரத்தின் நடுவில் ஒரு தட்டைப் பூட்டி அதைப் பிடிக்கும் டிஸ்க். மற்றது, தகரப் பேணி மாதிரி மூடிய ஒன்றுக்குள் உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் டிரம். இரண்டுக்கும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை மாற்றவேண்டும். எந்த ஹப்பும் எந்தச் சட்டத்துக்கும் ஏறாது. அகலம் பொருந்தவேண்டும், சக்கரக் கம்பித் துளைகளின் எண்ணிக்கை பொருந்தவேண்டும்.

அவர் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தார், அதிலும் ஆகப் பெரியதை. பின்சட்டத்தின் இடைவெளியை அளக்கப் பவளத்தின் தையல் நாடாவை எடுத்துப்போனார். முடிச்சுகளை எண்ணினார். ஐந்தரை அங்குலமும் ஒரு மயிரிழையும். கொம்பியூட்டரில் பார்த்த படத்தில் நூற்று முப்பத்தைந்து, நூற்று நாற்பத்தைந்து மில்லிமீற்றர் என்று இரண்டே அகலம்தான் போட்டிருந்தது. "பெரிசு எண்டால் சரிவரும்" என்று நூற்று நாற்பத்தைந்தை அனுப்பச் சொன்னார். ஐந்து கிழமை கழித்து அமெரிக்காவிலிருந்து பெட்டி வந்தது. ஹப் சட்டத்தின் வாயில் நின்றது. உள்ளே போக மறுத்தது.

"அப்பா, யூ மெஷர்ட் இட் வித் அம்மாஸ் டேப்? த வன் வித் நொட்ஸ்?" என்று மேனுகா தலையில் கை வைத்தாள்.

நாகராஜன் அளவு கருவியோடு வந்தான். கராஜில் குந்தியிருந்து பார்த்தான்.

"நூத்தி நாப்பது அண்ணே. அஞ்சு மில்லிமீட்டர் கூட வாங்கியிருக்கீங்க."

"அஞ்சுதானே தம்பி. இரும்புச் சட்டம், விரிச்சுப் பிடிச்சால் சரிவரும்."

"அதுகூட விரிச்சுடலாம். டிஸ்க்கைப் பிடிக்கிற பிரேக்க எதுல மாட்டுவீங்க? சட்டத்துல அதுக்குக் காதே இல்லையே."

"ஒரு காது வெல்ட் பண்ணினால்?"

நாகராஜன் கருவியை மூடினான். "மெல்லிசுக் குழாய். வெல்டு சூட்டுல எங்க விரிசல் விடும்னு யாராலும் சொல்ல முடியாது. நீங்க மட்டும் ஓட்டுறதுன்னா சரிவரும்னு விட்டுடலாம். பின்னாடி அக்காதானே ஒக்காரப் போறாங்க?"

சிவசோதி அந்த ஹப்பைத் துணியில் சுற்றித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். கம்பித் துளைகள் நாற்பதும் மட்டும் சரியாக இருந்தன. அதையாவது சொல்லலாமென்று வாயெடுத்து, விட்டுவிட்டார்.

டிரம்தான் இந்தச் சட்டத்துக்கு என்று நாகராஜன் சொன்னான். நூற்று நாற்பது அகலத்தில், நாற்பது துளையோடு, இடப்பக்கம் திருகுபுரி வெட்டிய ஹப் ஒன்று வேண்டும். அந்தப் புரியில் டிரம்மைத் திருகிவிட்டு, அதன் இரும்புக் கையைச் சட்டத்தின் கீழ்க்குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டால் போதும், வெல்ட் வேண்டாம். "கனம் ஜாஸ்தி. ஆனா இறக்கத்துல மெதுவா இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வரலாம். விளிம்பைத் தொடாது, டயர் சூடாகாது. இப்ப இருக்கிற ரெண்டு பிரேக்கும் அப்படியே இருக்கட்டும். இது மூணாவது."

இந்த முறை நாகராஜனின் கருவியைக் கடன் வாங்கி மூன்று நாள் மூன்று தரம் அளந்தார். ஆடி மாதத்தில் ஹப் வந்தது. பெட்டியைக் குசினி மேசையில் வைத்துப் பிரித்தபோது பவளம் கையை நீட்டினாள். நீட்டுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்து விரல் நுனியால் சுற்றிவந்தாள். துளைகளை எண்ணினாள். வலப்பக்கம், இடப்பக்கம்.

"இஞ்சாலை என்ன புரி?"

"அதிலதான் டிரம் பிரேக் பூட்டுறது."

"அதை இழுக்கிற கம்பி எங்க வரும்?"

"எங்க வாறது, முன்னுக்குத்தான். என்னட்ட."

பவளம் ஹப்பை மெல்லச் சுழற்றினாள். உள்ளே இருந்த சின்ன இரும்புக் குண்டுகள் சத்தமில்லாமல் ஓடின. "ஏற்கனவே உங்களிட்ட ரெண்டு பிரேக், ரெண்டு கை" என்றாள். "மூண்டாவதுக்கு எங்கயாவது கை முளைச்சிருக்கோ?"

மேனுகா அவித்த முட்டையைக் கடித்தபடி, "அம்மா ஹேஸ் எ பொயின்ட்" என்றாள்.

"நீ சாப்பிட்டிட்டுப் படி." சிவசோதி பவளத்தின் பக்கம் திரும்பினார். "இஞ்சரும், றோட்டில கார் வரும். சிக்னல் வரும். நீர் நடு றோட்டில இழுத்தீரெண்டால்?"

"நடு றோட்டெண்டு நீங்கள் சொன்னால் நான் ஏன் இழுக்கிறன்?" என்றாள் பவளம். "உண்மையைச் சொன்னால்." ஹப்பை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையைத் தேடிப் பின்வளவுக்குப் போனாள்.

வழி இல்லாமல் இல்லை. முன் கைப்பிடியிலேயே, இழுத்துவிட்டால் இழுத்த இடத்தில் நிற்கும் ஒரு சின்ன லீவரைப் பூட்டலாம், கை தேவையில்லை என்று நாகராஜன் போனில் சொன்னான். சிவசோதி அதையும் வாங்கினார். சக்கரத்தைக் கட்டினார், டிரம்மைத் திருகினார், அதன் கையைக் கீழ்க்குழாயில் பட்டி போட்டு இறுக்கினார். எல்லாம் முடிந்தது. பிரேக்கை இழுக்கும் கம்பி மட்டும் மிச்சம். மூன்று கிழமையாக அது கராஜ் ஆணியில் சுருளாகத் தொங்கியது. முன்னுக்கு என்றால் முழு நீளமும் வேண்டும். பின்னுக்கு என்றால் பாதிக்கும் குறைவு. வெட்டியபின் ஒட்ட முடியாது.

அந்த நாட்களில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியில் ஒரு வயதான பெண்ணைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார். அவள் கட்டிலின் பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ஹவ் ஃபார் என்று மேற்கூரையைப் பார்த்துக் கேட்டாள். ஓல் குட் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. சொல்லவில்லை. கட்டிலை நிறுத்தினார். காலால் பிரேக்கை மிதித்துப் பூட்டினார். தலைமாட்டை விட்டு முன்னுக்கு வந்து, அவள் பார்க்கும்படி நின்றார். "த்ரீ கொரிடோர். தென் லிப்ட், லிட்டில் ஜம்ப் வில் கம். தென் வெரி கோல்ட் ரூம்" என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். மற்றக் கை அப்படியே இருந்தது.

அன்று மாலை சட்டை மாற்றாமல் நேரே கராஜுக்குப் போனார். கம்பியை ஆணியிலிருந்து எடுத்து டிரம்மில் கொழுவி, சட்டத்தோடு நீவிக்கொண்டே வந்து, பின் கைப்பிடியில் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். அதற்கு மேலும் நீண்டு கிடந்த கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டரை எடுத்தார். நறுக்கென்று ஒரு சத்தம்.

குசினி யன்னல் திறந்திருந்தது. உள்ளே பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"எவ்வளவப்பா வெட்டினீங்கள்?"

"இனி முன்னுக்கு எட்டாது" என்றார் சிவசோதி. "அவ்வளவு."

சற்றுக் கழித்துப் பயத்தங்காய் முறியும் சத்தம் மறுபடி தொடங்கியது.

புரட்டாதி மாதத்து ஞாயிறு. பவளம் பின்னலை முன்னால் போட்டு ஹெல்மெட்டின் பட்டியைத் தானே பூட்டினாள். ஏறி உட்கார்ந்து, பின் கைப்பிடியில் பூட்டியிருந்த புது லீவரை இழுத்து, விட்டு, இழுத்துப் பார்த்தாள். சிவசோதி ஸ்டேசன் வாசலில் செய்வதுபோலவே இரண்டு விரலால். வாய்க்கால் பாதையில் ஒரு மணி நேரம் போனார்கள். அவர் வாய் ஓயவில்லை. "இடப்பக்கம் வளைவு." "முன்னால ஒரு நாய், கட்டித்தான் கிடக்கு." "பள்ளம், குலுக்கும்." இவ்வளவு பேசி அவருக்குப் பழக்கமில்லை. தொண்டை வறண்டது.

பிறகு நீர்த்தேக்கத்துக்குப் போகும் அந்த ஏற்றம். இறங்கி உருட்டிக்கொண்டு போய், உச்சியில் சைக்கிளைத் திருப்பி மறுபடி ஏறினார்கள். கீழே வீதி கறுப்பாக நீண்டு, தை மாதம் அவர்கள் சாய்ந்த புல்லைத் தாண்டிப் போனது.

"இறக்கம் தொடங்குது" என்றார். "பின்னால கார் இல்லை."

சைக்கிள் தானாக உருளத் தொடங்கியது. வேகம் ஏறியது. காற்று காதில் இரைந்தது. சிவசோதியின் எட்டு விரல்களும் முன்னாலிருந்த இரண்டு லீவர்களின் மேல் வளைந்து, இழுக்காமல், இழுக்கத் தயாராகக் கிடந்தன. கால்வாசி தூரம்கூடப் போகவில்லை. பின்னாலிருந்து ஏதோ ஒன்று அவர்களைப் பிடித்து இழுத்தது. சைக்கிள் மெதுவானது. இன்னும் மெதுவானது. இறக்கத்திலேயே, ஒரு காரணமும் இல்லாமல், நின்றது. அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றினார்.

என்ன, ஏன், விடும் என்று மூன்று சொல்லும் அவருக்கு வாய்வரை வந்தன. விழுங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பவளத்தின் மூச்சு மட்டும் கேட்டது. காற்றை முகர்ந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"எங்க நிக்கிறம்?"

"இறக்கத்தில. முக்கால்வாசிக்கு மேல இன்னும் கிடக்கு. கீழ போகப் போகக் கூடச் சாயுது."

"வாகனம்?"

அவர் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தார். "மேலயிருந்து ஒரு வான் வருது. தூரத்தில. எங்களைச் சுத்திப் போகும்." வான் சுற்றிக்கொண்டு போயிற்று. "போயிட்டுது."

"உங்களுக்குப் பயமோ?"

சிவசோதி வீதியைப் பார்த்தார். அந்தப் புல்லைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

கைப்பிடியில் பவளத்தின் விரல்கள் மாறிப் பிடிக்கும் ஓசை கேட்டது. "சரி, காலை எடுங்கோ. நான் விடப்போறன்" என்றாள்.

அவர் கால்களைப் பெடலுக்கு எடுத்தார். சக்கரம் அசையத் தொடங்கியபோது, அவள் காணமாட்டாள் என்று தெரிந்தும், முன்னாலிருந்த லீவர்களின் மேல் வளைந்து கிடந்த எட்டு விரல்களையும் ஒவ்வொன்றாக நிமிர்த்திக் காற்றில் நீட்டினார்.